இடிபாட்டைச் சரிசெய்தவர்

அண்ணாச்சியோடு டீக்கடைக்குப் போனால் டீயை ஆறிய பிறகுதான் குடிக்க முடியும். மேஜை லேசாக ஆடினால் போதும், மனுஷர் குனிந்துவிடுவார். சிகரெட் அட்டை, பழைய பில், கையில் எது கிடைக்கிறதோ அதை நாலாக மடித்து மேஜைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுப்பார். ஆட்டிப் பார்ப்பார். திருப்தி வராது. எடுத்து, ஒரு மடிப்பைக் குறைத்து மறுபடி கொடுப்பார். "விடுங்க அண்ணாச்சி, அஞ்சு நிமிஷத்துல எழுந்து போகப் போறோம்" என்றால், "நாம போயிருவோம். மேசை இங்கனதானே கெடக்கும்" என்பார். கடைக்கார மலையாளி கெட்டிக்காரர். கடையில் மோசமான மேஜை எதுவோ அதில்தான் எங்களை உட்காரவைப்பார். ஒரு வருஷத்தில் அந்தக் கடையில் ஆடுகிற மேஜையே இல்லாமல் போயிற்று.

அவருக்குப் பெயர் உண்டு. அதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை என்பதால் அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்கிறேன். நாங்கள் தங்கியிருந்த லேபர் கேம்பில் இருந்த முந்நூறு பேருக்கும் அவர் அண்ணாச்சிதான். பெஷாவர்க்கார பஸ் டிரைவர்கூட 'அன்னாச்சி பாய்' என்றுதான் கூப்பிடுவார். புன்னைக்காயல் பக்கம் கடலோரத்துக்காரர். கொத்தனாராக தம்மாமுக்குப் போய், அங்கிருந்து சோஹார் போய், கடைசியில் எமிரேட்ஸுக்கு வந்து எங்கள் கம்பெனியில் ஃபோர்மேன் ஆனவர். நான் அங்கே சைட் இன்ஜினியர். திருச்சிக்காரன், டிப்ளமா படிப்பு. அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும், எனக்கு முப்பத்திரண்டு. ஆட்கள் முன்னால் என்னை 'சார்' என்பார், ஆட்கள் இல்லாதபோது 'தம்பி'.

"ஒடஞ்சது ஒடஞ்சபடி கெடந்தா எனக்குச் சோறு எறங்காது தம்பி." இதை அவர் ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது சொல்லிக் கேட்டிருக்கிறேன். பீற்றிக்கொள்வதற்காகச் சொல்வதில்லை. சர்க்கரை வியாதிக்காரர் 'எனக்கு இனிப்பு ஆகாது' என்று சொல்வாரே, அந்தத் தொனிதான்.

பஸ் டிரைவர் ஓதும்போது உருட்டுகிற தஸ்பீஹ் மாலை ஒருநாள் அறுந்து மணிகள் பஸ் முழுக்க உருண்டன. எல்லோரும் நாலைந்து மணியைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டோம். அண்ணாச்சி சீட்டுக்கு அடியில் படுத்துத் தேடினார். கோத்து முடித்து எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்றெட்டு. ஒன்று குறைகிறது. டிரைவர் "கலாஸ் பாய், பரவாயில்லை" என்கிறார். இவர் விடவில்லை. மறுநாள் ஒரு பேரீச்சங்கொட்டையைத் தேய்த்து உருட்டி, ஓட்டை போட்டு, கறுப்பு பாலீஷ் அடித்துக் கொண்டுவந்து தொண்ணூற்றொன்பதாவதாகக் கோத்தார். எது கொட்டை எது மணி என்று டிரைவராலேயே சொல்ல முடியவில்லை.

இதில் எனக்குப் பிடிக்காத பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கேம்பில் ராமநாதபுரத்துக்காரன் ஒருவன் இருந்தான், எழுத்து வாசனை கிடையாது. அவனுக்கு வீட்டிலிருந்து வரும் கடிதங்களை அண்ணாச்சிதான் படித்துச் சொல்வார். அவன் பெண்டாட்டி ஒரு கடிதத்தில் வண்டை வண்டையாகத் திட்டி எழுதியிருந்தாள். அண்ணாச்சி அதை ஒரு வரி விடாமல் அன்பாக மாற்றிப் படித்தார். 'சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடவும்' என்று முடித்தும் வைத்தார். மூன்று மாதம் கழித்து அவன் லீவில் ஊருக்குப் போனால் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். திரும்பி வந்து அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்துவிட்டான். "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஃபோன்லயாவது பேசியிருப்பேனே" என்று அழுதான். "ஒடஞ்சத அப்படியே எப்பிடிப்பா ஒங்கிட்டப் படிச்சுக் காட்டுவேன்" என்றார் அண்ணாச்சி. தப்பு என்று அவருக்குப் புரிந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது.

நாங்கள் அப்போது கட்டிக்கொண்டிருந்தது ஓர் அரண்மனைத் தோட்டம். அல் அய்ன் போகும் சாலையிலிருந்து பிரிந்து மணலுக்குள் போனால் வரும். அரச குடும்பத்துப் பெரியவர் ஒருவருடையது. ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் தோட்டம் மாதிரி வேண்டும் என்று அவர் மகன் ஆசைப்பட்டார். லண்டனில் படித்தவர். நடுவில் நீளமாக ஒரு நீர்த்தடம், இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள், தூண்களுக்கு நடுவே பீடங்கள். முதல் வரைபடத்தில் பீடங்களின் மேல் ரோமானியப் பெண்களின் சிலைகள் இருந்தன. அரண்மனை அதிகாரி பார்த்துவிட்டு "சிலை மாஃபி", அதாவது கிடையாது, என்று ஒரே பேச்சில் முடித்தார். பெண்கள் போய் ஜாடிகள் வந்தன. நீர்த்தடம் முடிகிற இடத்தில், எட்டுத் தூண் வைத்த வட்டக் கோயில் ஒன்று.

கோயில் என்று சொன்னது எங்கள் ஆட்கள்தான். உள்ளே சாமி கிடையாது, பூசை கிடையாது. ஐரோப்பிய ராஜாக்கள் தங்கள் தோட்டங்களில் இப்படி வைத்துக்கொள்வார்களாம், சாயங்காலம் அதன் கீழே உட்கார்ந்து காற்று வாங்க. பார்க்கப் பளிங்கு, தட்டினால் டொக்கு டொக்கு என்று சத்தம் வரும். கண்ணாடி நார் கலந்த சிமெண்டை அச்சில் வார்த்து, ஷார்ஜாவிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து பூட்டுவோம். தூணின் உச்சியில் சுருள்சுருளாக ஓர் இலை வேலைப்பாடு இருக்கும். புத்தகத்தில் அதற்குப் பெரிய பெயர். அண்ணாச்சி முதல் தடவை அதைப் பார்த்ததும், "இது நம்ம கழுதைமுள்ளி லா. எங்க ஊரு உப்பங்கழில சீந்துவாரில்லாமக் கெடக்கும். ராசா தோட்டத்துல கொண்டாந்து உச்சில வச்சிருக்கான் பாரேன்" என்று சிரித்தார்.

அந்தத் தோட்டத்தில் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. பதினெட்டு வருஷம் வளைகுடாவில் இருந்தும் அவர் மனைவி ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வந்ததில்லை. ஃபோர்மேன் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடைக்காது. தோட்டத்தைக் கட்டி ஒப்படைத்ததும் கம்பெனி பெயரில் ஒரு மாத விசிட் விசா எடுத்துத் தருவதாக எங்கள் மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். லெபனான்காரர், கோபக்காரர், ஆனால் சொன்னால் செய்கிறவர். அதற்கான விண்ணப்பப் பாரத்தை நிரப்பியது நான்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஃபோன் கார்டைத் தேய்த்து அண்ணாச்சி ஊருக்குப் பேசுவார். "வந்து பாரு, கோயில் மட்டும் ஒங்கிட்டச் சொல்லி முடியாது. அரமணக்காரங்க வாரதுக்கு முந்தி ஒரு நாள் தம்பி உள்ள விடச் சொல்லுதேன்னுருக்காவ" என்பார். அப்படி நான் சொன்னது நிஜம். அந்த அம்மாவின் பாஸ்போர்ட் நகலும் போட்டோவும் என் மேஜை இழுப்பறையில் இருந்தன. போட்டோவுக்காகத் திருச்செந்தூர் வரைக்கும் போய் வந்தாராம்.

அதே மாதத்தில்தான் என் மனைவிக்கும் மகளுக்கும் குடும்ப விசா அடித்தது. மூன்று வருஷமாக அலைந்து வாங்கியது. அந்தச் சந்தோஷத்தில் நான் தரையில் நடக்கவில்லை.

அந்த நாட்களில் ஒன்றில் கன்சல்டன்ட் ஆபீஸிலிருந்து ஒரு புதிய வரைபடம் வந்தது. அச்சு வார்க்கிற ஷார்ஜா பட்டறைக்கும் ஒரு நகல் போயிருந்தது. பெரியவரின் மகன், அந்தச் சின்னவர், மனத்தை மாற்றிக்கொண்டிருந்தார். கோயில் முழுசாக வேண்டாம், இடிந்து கிடக்கிற மாதிரி வேண்டும். எட்டுத் தூணில் ஐந்து நிற்கும், அதில் இரண்டு பாதியில் முறிந்திருக்கும். மற்ற மூன்றும் துண்டுதுண்டாகப் புல்லில் கிடக்கும். மேல்வளையத்தில் பாதி இருக்காது. இங்கிலாந்துப் பிரபுக்கள் தங்கள் தோட்டங்களில் இப்படித்தான் புதிதாகவே இடிபாடு கட்டிவைத்தார்களாம். காசைக் கொட்டிப் புதுசாகப் பழசு கட்டுவது. நம் ஊரில் இதைச் சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

புதிய வரைபடம் வந்தால் நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சைட்டில் இருக்கும் பழைய தாளைத் திரும்ப வாங்கிவிட்டு, புதியதை ஃபோர்மேன் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. நான் அதை இழுப்பறையில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கட்டில் வாங்கப் போனேன். பிறகு திரைச்சீலை. பிறகு கேஸ் சிலிண்டர். பிறகு மறந்தே போனேன்.

துபாய் ஏர்போர்ட்டில் மகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். மூன்று வருஷத்தில் என் முகம் மறந்து, கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். ஃபோன் அடித்தது. அண்ணாச்சி.

"சார், கோயில் பீஸ் வந்து எறங்கிருக்கு. பாதிக்கு மேல ஒடஞ்சு கெடக்கு. பாக்கவே வயிறு எரியுது. எறக்குனது நம்ம பயலுவ. பழி அவனுவ தலைல விழுந்துரக் கூடாதேன்னு யோசிக்கேன்."

"சரி பண்ண முடியுமா அண்ணாச்சி?"

"முடியும். ராத்திரி பகலாப் பாக்கணும்."

"அப்ப சரி பண்ணிடுங்க. நான் லீவு முடிஞ்சு வந்து பாக்கறேன். யல்லா, வெச்சுடறேன்."

அந்த நேரத்தில் எனக்கு இழுப்பறை ஞாபகம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. இதில் என் பக்கம் இருக்கிற நியாயம் அவ்வளவுதான், இதற்கு மேல் கிடையாது.

ஆறு நாள் லீவு முடிந்து சைட்டுக்குப் போனேன். அன்று காலைதான் கன்சல்டன்ட் பார்வையிட வருகிறார். நீர்த்தடத்தின் இந்தக் கோடியிலிருந்து பார்த்தபோதே எட்டுத் தூணும் தெரிந்தன. வெயிலில் வெள்ளை வெளேரென்று, மேல்வளையத்தில் ஓர் இடத்தில்கூடப் பிசிறு இல்லாமல். கிட்டே போய்த் தடவிப் பார்த்தேன். ஒட்டு எங்கே என்று விரலுக்குக்கூடத் தட்டுப்படவில்லை. அச்சிலேயே இல்லாத இலைகளை அண்ணாச்சி கையால் செதுக்கி வைத்திருந்தார். என் வாழ்க்கையில் அதைவிட நேர்த்தியான வேலையை நான் பார்த்ததில்லை.

அவர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "எங்க ஒட்டிருக்குன்னு கண்டுபிடிங்க பாப்போம்" என்றார். "நம்ம பயலுவ ஒருத்தனும் தூங்கல சார். சாமி இல்லாட்டாலும் கோயில் கோயில்தானே. ஒடஞ்ச கோயில்ல சைத்தான்தான் குடியிருக்கும்னு எங்கம்ம சொல்லும். கன்னியாகுமரிப் பயலும் அதையேதான் சொன்னான், மூளியாக் கெடந்தா ஊருக்கு ஆகாதாம்."

எனக்கு அப்போதுதான் இழுப்பறை ஞாபகம் வந்தது.

கன்சல்டன்ட் வந்தார். வயதான வெள்ளைக்காரர். கோயிலை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "யார் இதைச் செய்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணாச்சிக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். பாராட்டப் போகிறார் என்று நினைத்து ஓரடி முன்னால் வந்து, "நான்தான் சார்" என்றார்.

மேனேஜரின் முகம் சிவந்துவிட்டது. வரைபடம் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிய தாளோடு மூன்று மணிக்கு ஆபீஸுக்கு வா என்று என்னிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

தாள் ஏது? பன்னிரண்டு மணிக்கு சைட் கேபினில் உட்கார்ந்து அதைத் தயார் செய்தேன். போன மாதத்துத் தேதி ஒன்றை மேலே எழுதினேன். அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார்.

"ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு அண்ணாச்சி."

அவர் எப்போதும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். அன்று படித்தார். கூடவே கிடந்த புதிய வரைபடத்தையும் விரித்துப் பார்த்தார். முறிந்த தூண்கள் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

"இப்பிடித்தான் வேணும்னு கேட்டாவளா?"

"ஆமா."

"ஏன் தம்பி எங்கிட்டச் சொல்லல?"

"மறந்துட்டேன் அண்ணாச்சி. அவளும் பாப்பாவும் வந்து ஆறு நாள்தான் ஆகுது. எனக்கு இதுல ஏதாவது ஆச்சுன்னா விசா போயிடும். உங்களுக்குன்னா ஒரு வார்னிங் லெட்டரோட போயிடும்." கையைக் கூப்பினேனோ என்னமோ, ஞாபகம் இல்லை. கூப்பியிருக்கக்கூடிய ஆள்தான் நான்.

அவர் பேனாவை வாங்கினார். தாளைப் பார்த்தார். எதிரே சுவரில் இருந்த காலண்டரில் முந்தின மாதத்தைத் திருப்பினார்.

"இது வெள்ளிக்கெழமை லா தம்பி. வெள்ளிக்கெழமை யாரு சைட்டுக்கு வந்தா? மாட்டிக்கிடுவீய. வேற தாள் எடுங்க, சனிக்கெழமன்னு போடுங்க."

நான் வேறு தாள் எடுத்தேன். சனிக்கிழமைத் தேதி போட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். உருண்டை உருண்டையான எழுத்து, ஒன்றுகூடக் கோணவில்லை. பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய் நிழலில் உட்கார்ந்தார். மூடியைத் திறக்கவில்லை என்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு மேனேஜர் அறை. தாளை வாங்கிப் பார்த்தார். "சைன் பண்ணியிருக்கிறாய். பிறகு ஏன் இப்படிச் செய்தாய்?" என்று இந்தியில் கேட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட நான் இன்று இதை எழுதாமல் இருந்திருப்பேன். இவன் ஏதாவது சொல்லுவான் என்ற பார்வைதான் அது. நான் தரையின் டைல்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பூச்சா நஹீ சாப். மேரா கல்தி" என்றார் அண்ணாச்சி. கேட்காமல் செய்துவிட்டேன், தப்பு என்னுடையது என்று அர்த்தம்.

மேனேஜர் என் பக்கம் திரும்பி, "உன்னிடம் சொன்னானா, இல்லையா?" என்றார்.

"இல்லை சார்" என்றேன். வாயிலிருந்து அது வழுக்கிக்கொண்டு வந்தது.

வார்னிங் லெட்டர் வரவில்லை. அரண்மனையிலிருந்து யாரையாவது அனுப்பியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சிக்கு விசா கேன்சல். கேன்சல் ஆகிறவருக்கு ஏது விசிட் விசா? மேனேஜர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கோயிலைப் பழையபடி இடிபாடாக்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது மட்டும் உத்தரவு, அதற்குப் பத்து நாள்.

அந்தப் பத்து நாளை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். எங்கே முறிய வேண்டும், எந்தக் கோணத்தில் விரிசல் போக வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டுவேன். அவர் சுத்தியலை ஓங்குவார். வேறு யாரையும் தொட விடவில்லை. "ஒட்டுனவனுக்குத்தான் எங்க தட்டுனா விடும்னு தெரியும்" என்றார். அவர் செதுக்கிய கழுதைமுள்ளி இலைகளை அவரே தட்டி உதிர்த்தார். ஒரு சமயம், "பார்த்து அண்ணாச்சி, ரொம்ப நேரா ஒடையுது, இயற்கையா இருக்கணுமாம்" என்றேன். எந்த வாயால் சொன்னேனோ. அவர் தலையாட்டிவிட்டு, விளிம்பைக் கொத்திக் கொத்திப் பிசிறாக்கினார்.

துண்டுகள் புல்லில் சிதறிக் கிடக்க வேண்டும் என்பதும் வரைபடத்தில் இருந்தது. முதல் நாள் சாயங்காலம் பழக்கதோஷத்தில் அத்தனையையும் பொறுக்கி, ஒழுங்காக அடுக்கி, இடத்தையும் பெருக்கிவிட்டார். மறுநாள் காலையில் நான் வரைபடத்தை நீட்டினேன். ஒவ்வொரு துண்டாக எடுத்து மறுபடி கீழே போட்டார். "இது இங்கன கெடக்கணுமா, அங்கன கெடக்கணுமா?" என்று ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டார். கேட்காமல் எதையும் செய்யவில்லை.

கன்சல்டன்ட் வந்து பார்த்துவிட்டு, ஆயிரம் வருஷத்துப் பழசு மாதிரி இருக்கிறது என்று மேனேஜரின் கையைக் குலுக்கினார். மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அன்று மாலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார். "அந்த போட்டோவ மட்டும் குடுத்துருங்க தம்பி. அவ செலவழிச்சு எடுத்தது." கேபினுக்குத் திரும்பிப் போய் இழுப்பறையைத் திறந்து பாரத்தையும் பாஸ்போர்ட் நகலையும் போட்டோவையும் கொடுத்தேன். பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். போட்டோவைச் சட்டைப் பையில் வைத்து, பையின் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

அவர் கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிவரச் சொன்னாள் என் மனைவி. அவரைப் பற்றி ஃபோனிலேயே மூன்று வருஷமாகக் கேட்டிருக்கிறாள். ஏதாவது சாக்குச் சொல்லித் தவிர்க்கப் பார்த்தேன், விடவில்லை. நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். அண்ணாச்சி நன்றாகச் சாப்பிட்டார். மகளோடு விளையாடினார். சமையலறை அலமாரிக் கதவு ஒன்று சரியாக மூடாமல் இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி, கீலைக் கழற்றிப் பூட்டினார்.

"இவ்வளவு நல்ல வேலைக்காரரை ஏன்தான் அனுப்புறாங்களோ" என்றாள் மனைவி, என்னிடம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சைட்ல ஒரு தப்பாப் போச்சு" என்றேன். அவர் அங்கே நிற்கும்போதே சொன்னேன்.

"என்ன தப்பு அண்ணாச்சி?" என்று அவரிடமே கேட்டுவிட்டாள். வெள்ளந்தி.

அவர் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்காமச் செஞ்சிட்டேன் தங்கச்சி" என்றார்.

அவர் மனைவிக்கென்று ஒரு சென்ட் பாட்டிலும் பாதாம் பாக்கெட்டும் கட்டிக் கொடுத்தாள். "அடுத்த தடவை வரும்போது அக்காவையும் கூட்டிட்டு வாங்க. நம்ம வீட்லயே தங்கட்டும்" என்றாள். அவர் இனி இந்த நாட்டுக்குள் வருவது லேசில்லை என்று அவளுக்குத் தெரியாது. "சரி தங்கச்சி" என்று பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். நல்ல வெயில். இரண்டு கட்டடம் தாண்டினோம். பிறகு ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, அன்னைக்கு மேனேஜர் ரூம்ல நான்..."

"வேண்டாம்" என்றார். குரல் உயரவில்லை. "சொல்லணும்னா அன்னைக்குச் சொல்லிருக்கணும். இப்ப எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? எனக்குத் தெரியாததா?"

"மன்னிச்சிடுங்க அண்ணாச்சி."

எதையும் சரிசெய்யாமல் விடாத மனுஷர், அதை அப்படியே விட்டுவிட்டார். பஸ் வந்தது. பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். கையாட்டினேன். அவரும் ஆட்டினார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவும் இல்லை, ஃபோன் செய்யவும் இல்லை. நம்பர் என்னிடம் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மனைவி தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏறிட்டாரா?"

"ஏறிட்டார்."

"பாவங்க. உங்க மேனேஜர்கிட்ட அவருக்காக நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேக்கல" என்றேன்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் தோளைத் தொட்டு, "நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள்.